முந்நூற்று நான்கில் பணயம் எது?

சூது என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே தமிழ் கற்றார் உள்ளத்தில் வெறுப்புத் தோன்றுவது இயல்பு. திருவள்ளுவர் அதற்கெனப் பொருட்பாலில் ஓர் அதிகாரமே வகுத்தார். தூண்டிலின் இரும்பை இரையென்று எண்ணி மீன் விழுங்கியது போன்றது சூதில் வரும் வெற்றி என்றார். ஒன்றைப் பெற்று நூற்றை இழப்பவர்க்கு நல்வாழ்வு எய்தும் வழி உண்டோ என்று வினவினார். அவ்வதிகாரத்திலே ‘கழகம்’ என்ற சொல் சூதாடும் இடத்தையே குறித்தது. இன்று பல்கலைக்கழகம் என்று நாம் பெருமையோடு வழங்கும் சொல்லுக்குள் அப்பழைய பொருளும் உறங்கிக் கிடக்கின்றது என்று சொன்னால் மாணவர் நம்ப மறுப்பர்.

ஆயினும் பழந்தமிழர் ஆடிய ஆட்டமெல்லாம் சூதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ‘வல்’ என்னும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறுமிடத்து, நாய், பலகை என்ற சொற்கள் அதனோடு வந்து சேர்வதைக் குறிப்பிடுகிறார். நாய் என்றது ஆடுகாயை. பலகை என்றது காய் வைக்கும் அரங்கை. புறநானூற்றின் 52ஆம் பாட்டிலே, பொதியிலில் இருந்து நரைத்த முதியோர் வல்லாடிய இடம் காய் வைத்து வைத்தே குழிந்துபோயிற்று என்றும், ஊர் பாழ்பட்ட பின்னர் அக்குழியிற் காட்டுக்கோழி முட்டையிட்டது என்றும் ஒரு காட்சி வருகிறது. அம்முதியோரைப் புலவர் பழிக்கவில்லை. அவர்கள் இல்லாமற் போனதையே ஊரின் அழிவுக்கு அடையாளமாகக் காட்டினார்.

ஆகவே ஓர் ஆட்டத்திற் பணயம் உண்டா இல்லையா என்று பார்த்தல் மாத்திரம் போதாது. பணயமாக வைக்கப்படுவது எது, அதை வைக்கும் நெறி எது, இழப்புக்கு எல்லை உண்டா என்ற மூன்றையும் ஆராய்ந்தே அது விளையாட்டா சூதா என்று துணிதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு, திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீட்டு விறாந்தைகளில் நெடுங்காலமாக ஆடப்பட்டுவரும் ஒரு கடதாசி ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். முந்நூற்று நான்கு என்பது அதன் பெயர். பேச்சிலே முன்னூத்தி நாலு என்பர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் ஆடுவர். புலம்பெயர்ந்தோர் அதை இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் கொண்டு சென்றனர். ஆடத் தெரிந்தவர் பலர். அதன் பணய விதி ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்டவர் சிலரே.

கப்பலில் வந்த சீட்டு

ஐம்பத்திரண்டு சீட்டுகளில் இரண்டு முதல் ஆறு வரையுள்ளவற்றை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவன முப்பத்திரண்டு. நால்வர் ஆடுவர். எதிரெதிரே இருப்போர் இருவர் ஒரு பக்கம், அவர்கள் தோழர். ஒரு சாதிச் சீட்டில் ஜாக் என்பது 30 புள்ளி, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2, எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. கூட்டினால் 76 வரும். நான்கு சாதிக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் இதனால் வந்தது. சீட்டுகளின் வலிமையும் இவ்வரிசைப்படியே அமையும்.

இதிலே ஒரு வியப்பு உண்டு. இராசாவும் இராணியும் கீழே கிடக்க, ஜாக் முடிசூடி நிற்கிறான். ஒன்பது என்ற எளிய எண் அவனுக்கு அடுத்த அமைச்சனாகிறது. இது நம் நாட்டுக் கற்பனையன்று. ஒல்லாந்து நாட்டிலே ‘கிளாவர்யாஸ்’ என்றோர் ஆட்டம் இன்றும் உண்டு. அதற்கும் முப்பத்திரண்டு சீட்டுகளே. அங்கே துரும்புச் சாதியில் வலிமை வரிசை ஜாக், ஒன்பது, ஆசு, பத்து, இராசா, இராணி, எட்டு, ஏழு என்பது. நம் வரிசையும் அதுவே. அங்கே துரும்புக்கு மட்டும் உரியதாயிருந்த வரிசை இங்கே எல்லாச் சாதிக்கும் பொதுவாயிற்று என்பதே வேறுபாடு. ஒல்லாந்தர் ஜாக்கை ‘பூர்’ என்பர்; அச்சொல்லுக்கு உழவன் என்று பொருள். உழவன் அரசனை வெல்லும் ஆட்டம் இது என்றால், உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கு மகிழ்ச்சியே.

சாதிகளின் பெயரும் இதற்குச் சான்று பகரும். நம் முதியோர் வழங்கும் ஆடுத்தன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன் என்ற நான்கும் தமிழ்ச் சொற்கள் அல்ல. இதயம் எனப் பொருள்படும் ‘ஹார்ட்டன்’ ஆடுத்தன் ஆயிற்று. சாய்சதுரக் கட்டம் எனப் பொருள்படும் ‘ரௌட்டன்’ உருவித்தன் ஆயிற்று. மூவிலைப் புல்லைக் குறிக்கும் ‘கிளாவரன்’ கலாவரை ஆயிற்று. மண்வாரியைக் குறிக்கும் ‘ஸ்கோப்பன்’ ஓர் இகரத்தை முன்னே பெற்று இஸ்கோப்பன் ஆயிற்று. மெய் இரண்டு மொழிக்கு முதலில் வாரா என்ற நம் இலக்கண மரபை, பள்ளிக்கூடம் காணாத மாலுமியும் கூலியாளும் தம் நாவினாலேயே காத்தனர். சிங்களத்திலும் இவற்றை ஒத்த பெயர்களே வழங்குகின்றன. 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடமே இருந்தது. அக்கோட்டைக்குப் பின்னர் பிரெட்றிக் என்ற ஆங்கிலப் பெயர் இடப்பட்டது. அதன் அருகே கிடக்கும் குடாவுக்கோ டச்சுக்குடா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதுபோலவே ஆட்சி போயும் சீட்டின் பெயர் போகவில்லை.

கடல் கடந்து வந்த ஆட்டம் கடல் கடந்தும் போயிற்று. 1860 முதல் சென்னைத் துறையிலிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் வழித்தோன்றல்கள் தென்னாப்பிரிக்காவில் ‘துனீ’ என்றோர் ஆட்டம் ஆடுகின்றனர். எட்டையும் ஏழையும் அவர்கள் நீக்கிவிட்டனர். ஆனால் 30, 20, 11, 10, 3, 2 என்ற அதே புள்ளிகள். கூட்டுத்தொகையும் அதே 304. மலையாள நாட்டிலே இருபத்தெட்டு, ஐம்பத்தாறு என்ற ஆட்டங்கள் இதே குடும்பத்தவை.

கேள்வி என்னும் வாக்கு

இனி நம் பொருளுக்கு வருவோம். இவ்வாட்டத்திலே பணயம் ஏற்றும் செயலுக்குக் ‘கேட்டல்’ என்று பெயர். ஏற்றிய தொகை ‘கேள்வி’. இச்சொல்லாட்சி மிக அழகியது. மீன்துறையில் ஏலம் கூறும்போது விலை சொல்வதையும் நாம் கேட்டல் என்றே சொல்கிறோம். ஒப்பந்த வேலைக்கு விலை குறித்து அரச அலுவலகத்துக்குக் கொடுக்கும் தாளைக் கேள்விப்பத்திரம் என்கிறோம். ஏலம் என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது. கேள்வி என்ற சொல் நமது. ஏலத்திலே அதிக விலை கேட்டவன் மீனையும் எடுக்கவேண்டும், பணத்தையும் கொடுக்கவேண்டும். முந்நூற்று நான்கிலும் அவ்வாறே. கேட்டவன் ஆட்டத்தின் உரிமையையும் பெறுகிறான். அதன் சுமையையும் ஏற்கிறான்.

விதிகள் வீட்டுக்கு வீடு சிறிது மாறும். எங்கள் விறாந்தையில் வழங்கும் முறை இது. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு வழங்கப்படும். ஆட்டம் வலப்பக்கமாகச் செல்லும். சீட்டு வழங்கியவனுக்கு வலப்புறம் இருப்பவன் முதற்கை. அவன் தானே கேட்கலாம். தன் கை நலிந்ததாயின் தோழனைக் கேட்கும்படி விடலாம். அப்போது தோழன் கேட்டேயாக வேண்டும். மிகக் குறைந்த கேள்வி 160. அதன்மேல் பத்துப் பத்தாக ஏற்றுவர். 200க்குக் குறைந்த கேள்வியை ஒருவன் ஒரு முறையே சொல்லலாம். தன் தோழன் கேட்டதற்கு மேலே தானும் ஏறிக் கேட்க விரும்பினால் 200இல் தொடங்கவேண்டும். காரணம் எளிது: தோழன் வாக்கைத் தள்ளி வைப்பவன் அதற்குத் தக்க பெரிய வாக்கைத் தரவேண்டும்.

160 என்ற எண்ணை நோக்குக. 304இன் பாதி 152. ஆகவே எவ்வளவு சிறிய கேள்வியாயினும் அது பாதிக்கு மேற்பட்டதே. கேட்ட பக்கம் எட்டுப் பிடிகளிலும் வந்து சேரும் சீட்டுகளின் புள்ளிகளைக் கூட்டி, சொன்ன தொகையை எட்டவேண்டும், எட்டினால் வெற்றி. எதிர்ப்பக்கம் 145 எடுத்துவிட்டால் அக்கேள்வி முறிந்தது. 250 கேட்டவனை முறிக்க எதிரிக்கு 55 போதும். இரண்டு ஜாக் போனாலே 60 போய்விடும்.

இவ்விதியின் உயிர் எங்கே என்றால், வாக்குக் கொடுக்கும் வேளையிலே ஆடுவோன் தன் எட்டுச் சீட்டில் நான்கையே கண்டிருக்கிறான். பாதி தெரியும், பாதி தெரியாது. தோழனின் கை முற்றும் தெரியாது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததற்கு வாக்களிப்பதே கேள்வி. எட்டுச் சீட்டும் கைக்கு வந்தபின் மீண்டும் ஒருமுறை கேட்க இடமுண்டு. ஆனால் அப்போது 250க்குக் குறைந்து கேட்கலாகாது. முழுதும் கண்டவன் சிறிய வாக்குத் தரக்கூடாது என்பது கருத்து.

இன்னொன்றும் உண்டு. கேள்விக்குரிய எண்ணும், தோழனுக்கு விடும் சொல்லும், வேண்டாம் என்ற சொல்லும் அன்றி வேறெதுவும் வாயில் வரக்கூடாது. கண்சாடை, இருமல், சீட்டை ஓங்கி அடித்தல் எல்லாம் குற்றம். இத்தனை சிறிய சொற்றொகுதியே போதுமாதலால், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இத்துறைமுகத்திலே, ஒருவர் மொழியை மற்றவர் செம்மையாக அறியாதபோதும் தோழராக எதிரெதிரே உட்கார முடிந்தது.

மறைத்து வைத்த துரும்பு

மேற்கேள்வி கேட்டவன் தன் நான்கு சீட்டில் ஒன்றைத் தெரிந்து, முகம் கவிழ்த்து வைப்பான். அச்சீட்டின் சாதியே துரும்பு. ஒல்லாந்த மொழியின் ‘துரூப்’ என்ற சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர்; தமிழகத்திலே துருப்பு என்பர். நம் நாவில் அது துரும்பாகி, சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்ற பழமொழியின் பொருளையும் தானே பெற்றுவிட்டது. புள்ளியே இல்லாத துரும்பு ஏழு, முப்பது புள்ளியுள்ள வேற்றுச் சாதி ஜாக்கை வெட்டி வீழ்த்தும்.

கவிழ்த்த துரும்பு எது என்று மற்ற மூவருக்கும் தெரியாது, தோழனுக்கும் தெரியாது. போட்ட சாதி கையில் இல்லாதவன் ஒரு சீட்டை முகம் கவிழ்த்துப் போடலாம். பிடி முடிந்ததும் கேட்டவன் மட்டும் அதைப் புரட்டிப் பார்ப்பான். அது துரும்பாயின் தன் மறைப்பைத் திறந்து காட்டவேண்டும். அன்றாயின் அதைக் கவிழ்த்தபடியே விடவேண்டும். இங்கே அவன் பொய் செய்ய நினைத்தால் அக்கணத்தில் வழியுண்டு. ஆனால் எட்டாம் பிடி முடியும்போது எல்லாச் சீட்டும் முகம் காட்டும். காவலர் இல்லாமலே நேர்மை நடக்கும் இடம் அது.

கொட்டைக் கணக்கு

இனிப் பணயம் கொடுக்கல் வாங்கல். எங்கள் வீடுகளிலே இதற்குப் புளியங்கொட்டை. சிப்பியும் சோகியும் வைப்பவர்களும் உளர். பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு கொட்டைகள் நடுவே வரும். கொடுக்கும் முறை இவ்வாறு: 200க்கு உட்பட்ட கேள்வியை எட்டினால் எதிரியிடமிருந்து ஒரு கொட்டை, தவறினால் இரண்டு கொடுக்கவேண்டும். 200 முதல் 240 வரை கேட்டு வென்றால் இரண்டு, தவறினால் மூன்று. 250க்கு மேல் வென்றால் மூன்று, தவறினால் நான்கு. தோழன் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கியிருக்க, ஒருவன் தனித்து நின்று எட்டுப் பிடியும் எடுப்பேன் என்று கேட்பதே உச்சக் கேள்வி. அதற்கு வென்றாலும் ஐந்து, தோற்றாலும் ஐந்து.

இதைக் கணக்கு ஆசிரியர்கள் வகுப்பிலே கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். சிறிய கேள்வியை மூன்று முறை கேட்டு, இரு முறை வென்று ஒரு முறை தோற்றவனுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. 200இல் ஐந்து முறைக்கு மூன்று வெற்றி போதும். வரவும் ஆறு, செலவும் ஆறு. 250இல் ஏழு முறைக்கு நான்கு வெற்றி போதும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு சரியாகும். தனிநிலைக் கேள்வியில் இரண்டுக்கு ஒன்று போதும்.

இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஒரு நுட்பம் புலப்படும். வரவோடு ஒப்பிடத் தண்டம் மிகப் பெரியது சிறிய கேள்விக்கே. அங்கே அது இருமடங்கு. கேள்வி பெரிதாகப் பெரிதாக, தண்டம் வரவை நெருங்கி வருகிறது. உச்சத்திலே இரண்டும் ஒன்றாகின்றன. பெரியதை முயன்று தவறுதல் மனித இயல்பு, அதற்கு அளவான தண்டம் போதும். சிறியதைச் சொல்லி அதையும் காக்காதவனே பெரிதும் இறுக்கவேண்டும் என்பது இவ்விதியை வகுத்த பெயர் தெரியாப் பெரியோர் உள்ளக் கருத்துப் போலும். நாளை தருகிறேன் என்று நாலு உரூபாய் வாங்கி மறந்தவனை ஊர் எவ்வளவு ஏசுகிறது, பெருந்தொழில் தொடங்கி நொடித்தவனுக்கு அதே ஊர் எவ்வளவு இரங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

வள்ளுவர் கண்ட சூதன் ஒன்று பெற்று நூறு இழப்பவன். நம் ஆட்டக்காரன் ஒன்று பெற்று இரண்டு இழப்பவன். இரண்டிலும் இழப்பே பெரிதாயினும், இங்கே இழப்பின் அளவு முன்னரே சொல்லப்பட்டது, நால்வரும் அறிந்தது, அதற்கு மேலே போகாதது. பதினொன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. தோற்றவர் எழுந்து தேத்தண்ணீர் போடவேண்டும், அவ்வளவே. கொட்டை எதிர்ப்பெட்டிக்குப் போய்த் திரும்பி வருமேயன்றி, இருபத்திரண்டு இருபத்து மூன்றாகாது.

போக்கரும் பாரதமும்

மேலை நாட்டிலே புகழ்பெற்ற போக்கர் என்னும் ஆட்டத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றோரத்தில் பரவிய ஆட்டம் அது. அங்கே தோழர் இல்லை, ஒவ்வொருவனும் தனியன். ஒருவன் பணம் வைப்பான். மற்றவன் அதற்கு ஈடு வைக்கவேண்டும், அல்லது ஏற்றவேண்டும், அல்லது விலகவேண்டும். எல்லாரும் விலகினால் எஞ்சியவன் தன் சீட்டைக் காட்டாமலே நடுவிலுள்ள பணத்தை அள்ளிக்கொள்ளலாம். வெறுங்கையை வைத்துக்கொண்டு பெருந்தொகையை ஏற்றி மற்றவரை அச்சுறுத்தி விரட்டுவது அவ்வாட்டத்தில் ஒரு கலையாகவே மதிக்கப்படுகிறது. எல்லை கட்டாத போக்கரில், முன்னே இருக்கும் பணம் முழுவதையும் ஒரே வீச்சில் வைத்துவிடலாம்.

முந்நூற்று நான்கிலும் துணிவுக்கு இடமுண்டு. மிகைக்கேள்வி கேட்டு எதிரியை ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்கியவன் ஓட முடியாது. அவன் கேட்ட வாக்கை எட்டுப் பிடியும் நின்று ஆடிக் காட்டவேண்டும். போக்கரிலே பெரிய சொல் சோதனையைத் தவிர்க்கும் வழி. இங்கே பெரிய சொல்லே பெரிய சோதனை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு மேற் சுருக்கிச் சொல்ல இயலாது.

பாரதச் சூதுக்கு வருவோம். வில்லிபுத்தூராழ்வாரின் சூதுபோர்ச் சருக்கத்தையோ பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தையோ படித்தோர் அறிவர், தருமன் ஒவ்வொரு தோல்விக்குப் பின்னரும் முன்னதினும் பெரிய பணயத்தை வைத்தான். பொன்னும் மணியும், தேரும் படையும், நாடும் போயின, பின்னர் தம்பியர், பின்னர் தான், பின்னர் திரௌபதி. ‘போதும், ஆட்டம் முடிந்தது’ என்று சொல்லும் பதினோராம் கொட்டை அங்கே இல்லை. அதனினும் கொடியது, அவன் வைத்த பணயப் பொருள்களில் உயிருள்ள மனிதர் இருந்தனர். அவருள் எவருடைய சம்மதத்தையும் அவன் கேட்கவில்லை. கிழக்கிலங்கையிலே பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசமும் தீமிதிப்பும் ஆண்டுதோறும் நிகழும்போது, மக்கள் கண்ணீரோடு பார்ப்பது ஓர் அரசன் தோற்றதையன்று, கேளாதவர் பணயமானதையே.

காசு வந்த மூன்று மாலை

இவ்வளவும் ஏட்டுக் கருத்து என்று சிலர் எண்ணலாம். நான் கண்கூடாகக் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளின் முன், எங்கள் ஆட்டக் கூட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் இளைஞர் சேர்ந்தார், உள்ளூர் உறவினர், நல்ல பிள்ளை, ஆட்டத்திலும் கெட்டிக்காரர். கொட்டைக்கு ஐம்பது உரூபாய் என்று வைத்தால் சுவை கூடும் என்று அவர் சொன்னார். விதியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கொட்டைக்கு விலை மட்டும் வந்தது. பொது இடங்களிற் பணயம் வைத்து ஆடுவதை 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் குற்றமாக்கியது. எங்களுடையது வீட்டு விறாந்தை. ஆதலால் எவரும் தடுக்கவில்லை.

முதல் மாலையிலேயே கேள்வி சுருங்கிற்று. 180, 190 கேட்டுப் பழகியவர்கள் 160க்கு மேல் வாய் திறக்கவில்லை. இரண்டாம் மாலை, பிடி முடிந்தவுடன் எழும் சிரிப்பு நின்றது. அதற்குப் பதிலாக, நீங்கள் ஏன் அந்த ஒன்பதைப் போட்டீர்கள் என்ற விசாரணை வந்தது. மூன்றாம் மாலை, யார் யாருக்குத் தோழர் என்பதிலே இழுபறி. முன்னெல்லாம் புதிதாகப் பழகுவோரைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள மூத்தோர் முந்துவர். அன்று அவர்களை யாரும் விரும்பவில்லை. பழகும் பிள்ளை ஒன்று ஒதுங்கிப் போய்க் கேற்றடியில் நின்றது.

எங்களுள் மூத்தவர், துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தைக் கையளித்துச் செல்லும்வரை அதன் கப்பற் பட்டறையில் வேலைசெய்த தம் தந்தையாரிடமே இவ்வாட்டத்தைப் பழகினார். அன்று இளைஞருக்குத் தோழராக வாய்த்தவர் அவரே. முதற்கையும் அவரே. நான்கு சீட்டையும் பார்த்தார். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, புளியங்கொட்டை துலைஞ்சா நாளைக்கும் பொறுக்கலாம். நான் பிழையாக் கேட்டு உன்ர காசு துலைஞ்சா, நாளைக்கு உன்ர முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?”

இளைஞர் சிறிது நேரம் தலை குனிந்திருந்தார். “அப்ப கொட்டைக்கே விளையாடுவம், மாமா” என்றார். பெரியவர் மீண்டும் சீட்டை எடுத்து நூற்றித் தொண்ணூறு கேட்டார். அன்று அக்கேள்வி எட்டுப் புள்ளியால் முறிந்தது. விறாந்தையே சிரித்தது, இரண்டு கொட்டைகள் எதிர்ப்பக்கம் போயின.

அப்பெரியவர் எந்த நூலும் படித்துச் சொல்லவில்லை. ஆனால் தருமன் அவையிலே எண்ணத் தவறியதை அவர் எண்ணினார். இவ்வாட்டத்திலே என் வாக்கு என்னை மட்டும் கட்டுவதன்று. என் எதிரே இருக்கும் தோழனையும் கட்டும். அவன் கையைப் பாராமல், அவனைக் கலந்து பேசாமல், அவனுக்கும் சேர்த்தே நான் வாக்களிக்கிறேன். பணயம் புளியங்கொட்டையாய் இருக்கும்வரை அவ்வுரிமையை அவன் எனக்கு மகிழ்ந்து தருவான். அது காசாகும்போது, அவன் கேளாமலே அவன் பொருளை வைக்கும் சிறு தருமனாக நான் மாறிவிடுகிறேன். அச்சம் கேள்வியைச் சுருக்குகிறது. இழப்புத் தோழமையை முறிக்கிறது. பழகும் பிள்ளைக்கு இடமில்லாமற் போகிறது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

பள்ளிப் பிள்ளைகள் கடதாசி ஆடுவதைக் கண்டால் பிரம்பைத் தேடும் ஆசிரியர்கள் நம்மிடையே இன்னும் உளர். அவர்கள் அச்சத்தை நான் இகழேன். கையிலுள்ள தொலைபேசியிலே நள்ளிரவிலும் பந்தயம் கட்டப் பிள்ளைகளுக்கு வழி திறந்திருக்கும் காலம் இது. அங்கே எதிரே இருப்பவர் முகம் தெரியாது, தோழர் இல்லை, இழப்பின் எல்லையைச் சொல்வார் இல்லை. அதனின்று பிள்ளைகளை விலக்கவேண்டுமாயின், எல்லா ஆட்டமும் தீது என்று ஒரே சொல்லில் விலக்கினால் அவர்கள் நம்மை நம்பமாட்டார்கள். எது தீது, ஏன் தீது என்று பிரித்துக் காட்டவேண்டும்.

அப்படிக் காட்டுதற்கு முந்நூற்று நான்கு நல்ல பாடநூல். எண் கற்பிப்போர்க்கு அதிலே நிகழ்தகவு உண்டு. வரலாறு கற்பிப்போர்க்கு ஒல்லாந்தர் கப்பல் உண்டு. தமிழ் கற்பிப்போர்க்கு ஆடுத்தனும் உருவித்தனும் துரும்பும் ஏலமும் கேள்வியும் உண்டு. இவை எல்லாவற்றினும் மேலாக, பாதி அறிந்த நிலையில் வாக்களிப்பது எப்படி, அளித்த வாக்கை எட்டுப் பிடியும் நின்று காப்பது எப்படி, தோழன் தவறினால் அவனைப் பொறுப்பது எப்படி என்ற பழக்கம் உண்டு.

இவ்விதிகள் பெரும்பாலும் வாய்மொழியிலேயே வாழ்கின்றன. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே இந்நகரின் விறாந்தைகள் பல வெறுமையாயின. சீட்டைக் கலக்கத் தெரிந்த கைகள் நாலு திக்கும் சிதறின. வல்லாடிய முதியோர் போனபின் குழி மட்டும் எஞ்சிய பொதியிலைப் புறநானூற்றுப் புலவர் கண்டதுபோல நாமும் காணவேண்டிய நாள் வராதிருக்கட்டும். வீட்டிலே முதியோர் இருப்பின், இவ்வாரமே அவர்கள் முன் ஒரு கட்டுச் சீட்டையும் இருபத்திரண்டு புளியங்கொட்டைகளையும் வையுங்கள். எவ்வளவு கேட்பீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். பின்னர் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அவர்களுக்கு எதிரேயும் பக்கத்திலும் அமர்ந்து, உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள்.